அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான கல்வி உதவி: சேர்க்கைக்கு முன்பிருந்து ஆராய்ச்சிப் படிப்பு வரை

பொறியியல் அல்லது அறிவியல் பட்டப்படிப்பில் சேரப்போகும் மாணவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடிய பெரிய உதவி எது என்று கேட்டால், எந்தத் திட்டத்தின் பெயரையும் சொல்வதற்கு முன், எந்த ஒதுக்கீட்டில் சேரப்போகிறார் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விண்ணப்பித்துப் பெறும் உதவித்தொகைகளைக் காட்டிலும், சேர்க்கையோடு சேர்ந்தே வரும் கட்டணச் சலுகைகள் பல குடும்பங்களுக்குப் பெரியவை. அவற்றைத் தவறவிட்டபின் நான்கு ஆண்டுகளும் சிறிய தொகைகளைத் தேடி அலைய நேரிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி திட்டங்களின் பட்டியலாக அமையாமல், ஒரு மாணவர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே செல்கிறது. தொகைகளும் வருமான வரம்புகளும் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

முதல் படி: ஒதுக்கீட்டைத் தீர்மானித்தல்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்களை வழங்கும் சட்டம் 2021-ல் நிறைவேற்றப்பட்டது. அந்த இடங்களில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதற்குத் தகுதியுடையவர்களே. அரசு உதவிபெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் வருவதில்லை என்பதைப் பெற்றோர் பலர் கலந்தாய்வு நேரத்தில்தான் அறிந்துகொள்கிறார்கள்.

இந்த ஒதுக்கீட்டில் வராதவர்களுக்கு அடுத்து நிற்பது முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை. குடும்பத்தில் தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என எவரும் பட்டம் பெறாதிருந்தால், அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் ஒருவருக்கு இச்சலுகை உண்டு. இதற்கு வருமான உச்சவரம்பு கிடையாது. சாதி வேறுபாடும் கிடையாது. ஆனால் விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணங்களுக்கு இது பொருந்தாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே தரப்படுவதால், அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கல்லூரிக்குச் செல்லும் வீடுகளில், யாருடைய படிப்புக்குக் கட்டணம் அதிகம் என்பதைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுப்பது நல்லது.

இவை இரண்டும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கிடையாது. பிரபலமான கல்லூரி என்பதற்காகக் கலந்தாய்வு இடத்தை விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேரும் குடும்பங்கள், கட்டண வேறுபாட்டோடு இழக்கும் சலுகையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். என் கருத்தில், இவ்வாறு கணக்கிட்டால் கலந்தாய்வில் கிடைக்கும் ஓரளவு நல்ல கல்லூரியே பெரும்பாலும் மேலானது.

இரண்டாம் படி: சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் இ-சேவை மையத்திலோ, இ-சேவை இணையதளத்தில் நேரடியாகவோ விண்ணப்பித்துப் பெறலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் பரிந்துரையோடு வருவாய்த் துறையின் மேல்நிலை அலுவலருக்குச் செல்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் நேர்வது இயல்பு. பொதுத் தேர்வு முடிந்த மறுவாரமே விண்ணப்பித்துவிட்டால் இந்த நெரிசலைத் தவிர்க்கலாம்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஆகையால் அதை மிக முன்னதாக வாங்கிவிடுவதிலும் சிக்கல் உண்டு: ஜனவரியில் வாங்கிய சான்றிதழ் கலந்தாய்வுக்குப் பயன்படலாம், ஆனால் தேசிய உதவித்தொகை விண்ணப்பத்தின் சரிபார்ப்பு அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனால் காலாவதியாகியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வாங்குவதே பொருத்தம். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு, குடும்பத்தில் வேறு எவரும் இச்சலுகையைப் பெறவில்லை என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் கேட்கப்படும். சான்றிதழ் கையில் இருந்தும் இந்தப் படிவம் இல்லாமல் திருப்பி அனுப்பப்படுவோர் உண்டு.

மூன்றாம் படி: பெயரும் வங்கிக் கணக்கும்

உதவித்தொகைக்குத் தேர்வாகியும் பணம் வந்து சேராமல் போவதற்கு மிகச் சாதாரணமான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பெயர், மற்றொன்று கணக்கு.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தைப் போடுகிறோம். மதிப்பெண் சான்றிதழில் ‘கவிதா மு’ என்றும், ஆதாரில் ‘கவிதா முருகன்’ என்றும், வங்கிக் கணக்கில் ‘மு கவிதா’ என்றும் இருந்தால், பார்க்கும் மனிதருக்கு மூவரும் ஒருவரே என்பது புரியும், கணினிக்குப் புரியாது. தேசிய உதவித்தொகை இணையதளம் ஆதாரில் உள்ள பெயரையே எடுத்துக்கொள்வதால், மதிப்பெண் சான்றிதழோடு அது பொருந்தாதபோது கல்லூரி அலுவலர் விண்ணப்பத்தைக் குறைபாடுடையது எனத் திருப்பி அனுப்ப நேரிடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதே எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்வது நடைமுறையில் எளிது. மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவதுதான் கடினம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் ஆதார் எண்ணின் அடிப்படையில் நடக்கிறது. ஒரு ஆதார் எண் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்கோடுதான் இதற்காகப் பிணைக்கப்பட்டிருக்கும். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்து அடையாளத்துக்காகப் பதிவு செய்வது வேறு. வங்கிகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவேட்டில் அக்கணக்கு ஏறுவது வேறு. இரண்டாவதைத்தான் ‘ஆதார் சீடிங்’ என்கிறார்கள். கல்லூரி வளாகத்தில் புதிதாக ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, அதற்குச் சீடிங் செய்யச் சம்மதம் கொடுத்துவிட்டால், பணம் பழைய கணக்கை விட்டுப் புதிய கணக்குக்குப் போகும். பழைய கணக்கைப் பார்த்துவிட்டுப் பணமே வரவில்லை என்று முறையிடுவோர் பலருக்கு நேர்ந்தது இதுதான். மை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில், எந்த வங்கி பதிவாகியிருக்கிறது, அது செயல்பாட்டில் இருக்கிறதா என்பதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும் முன் ஒருமுறையும், தொகை வரவேண்டிய மாதத்தில் ஒருமுறையும் இதைப் பார்ப்பது போதுமானது.

நான்காம் படி: மாநில அரசின் உதவிகள்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது; மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் அடங்குவர். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் இது 48,000 ரூபாயாகிறது. வேறு உதவித்தொகை பெறுவதை இத்திட்டம் தன்னளவில் தடுப்பதில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே நடைபெறுவதால், சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரியின் பொறுப்பு அலுவலரைச் சந்தித்து, தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்புகளுக்கான உதவித்தொகைக்கும் இதே வருமான வரம்பு. இவற்றுக்கான விண்ணப்பங்கள் இப்போது யுமிஸ் எனப்படும் உயர்கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தின் வழியாகச் செல்கின்றன. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் உருவாக்கப்படும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பின் பெயர், சேர்ந்த ஒதுக்கீடு, விடுதியில் தங்குகிறாரா என்பன தவறாகப் பதிவாகியிருந்தால் தொகையே மாறிவிடும் என்பதால், கல்லூரி பதிவு செய்ததை மாணவர் தம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: தேசிய உதவித்தொகை இணையதளம்

மத்திய அரசின் பெரும்பாலான திட்டங்களுக்கு என்எஸ்பி எனப்படும் இந்த ஒரே தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஓடிஆர் எனப்படும் ஒருமுறைப் பதிவு எண்ணைப் பெற வேண்டும். அதற்கு ஆதாரோடு கைப்பேசிச் செயலியில் முக அடையாளச் சரிபார்ப்பும் தேவை. 14 இலக்கங்கள் கொண்ட இந்த எண் படிப்புக் காலம் முழுவதும் மாறாதது.

பொறியியல் மாணவிகள் முதலில் பார்க்க வேண்டியது ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வழங்கும் பிரகதி திட்டம். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாம் ஆண்டிலோ, நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேர்ந்திருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். குறைந்தது 40 விழுக்காடு குறைபாடுள்ள மாற்றுத்திறன் மாணவர்களுக்கு சக்ஷம் திட்டமும், பெற்றோரை இழந்தவர்களுக்கும் கொரோனாவில் பெற்றோரைப் பறிகொடுத்தவர்களுக்கும் பணியில் உயிர்நீத்த படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் ஸ்வநாத் திட்டமும் இதே தொகையை வழங்குகின்றன.

பாலினமோ படிப்போ பாராமல் எல்லோரும் விண்ணப்பிக்கக்கூடியது, கல்லூரி மற்றும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. ஆண்டுதோறும் 82,000 பேருக்குப் புதிதாக வழங்கப்படும் இதற்கு, பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் 20 விழுக்காட்டினருள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், தொழிற்படிப்பின் நான்காம் ஆண்டுக்கு 20,000 ரூபாய் என, ஒரு பொறியியல் மாணவருக்கு மொத்தம் 56,000 ரூபாய் கிடைக்கும். பிரகதியில் நான்காண்டுகளுக்குக் கிடைப்பது 2 லட்சம். இரண்டுக்கும் தகுதியுள்ள மாணவி எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தொகையைப் பார்த்த அளவில் எளிதாகத் தோன்றும். ஆனால் பிரகதியின் பட்டப்படிப்பு இடங்கள் நாடு முழுவதற்கும் சேர்த்தே 5,000 என்ற அளவில்தான் உள்ளன. மதிப்பெண் மிக அதிகமாக இல்லாதவருக்கு மத்தியத் துறை உதவித்தொகையே பாதுகாப்பான தெரிவாக இருக்கக்கூடும்.

இங்கே பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று இருக்கிறது. மத்தியத் துறை உதவித்தொகையைப் பெறுபவர், மாநில அரசின் கட்டணச் சலுகை உட்பட வேறு எந்த உதவித்தொகையையும் பெறக் கூடாது என்பது அதன் விதி. முதல் பட்டதாரிச் சலுகையை ஏற்கெனவே பெற்றவர் இதற்கும் விண்ணப்பித்துவிட்டு, பின்னர் தொகையைத் திருப்பிக் கட்டும் நிலைக்கு ஆளாகக் கூடாது. எனவே சலுகைகளை எழுதி வைத்து, எதை எதனோடு சேர்த்துப் பெறலாம் என்று ஒவ்வொன்றின் வழிகாட்டியிலும் பார்த்த பிறகே விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். மதிப்பில் பெரியதை வைத்துக்கொண்டு சிறியதை விட்டுவிடுவதே வழி.

சமர்ப்பித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் முதல் நிலையில் சரிபார்க்க வேண்டும். அதன்பின் மாவட்ட அல்லது மாநில அளவில் இரண்டாம் சரிபார்ப்பு நடக்கும். மாணவருக்கான கடைசி நாளுக்குச் சில நாட்கள் கழித்துக் கல்லூரிக்கான கடைசி நாளும் முடிந்துவிடும். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதி, அக்கல்லூரியில் படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழ், கட்டண ரசீது, வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பார்க்க வேண்டும். ‘குறைபாடுடையது’ என்று காட்டினால், திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

தூய அறிவியல் படிப்பவர்களுக்கு

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புவியமைப்பியல் முதலான அடிப்படை அறிவியல் பாடங்களில் பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்பவர்களுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதிகபட்சம் ஐந்தாண்டுகள். இதில் 60,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 5,000 ரூபாய், மாணவர் கைக்கு வரும்; மீதி 20,000 ரூபாய் கோடை விடுமுறையில் ஒரு வழிகாட்டியின் கீழ் செய்யும் ஆய்வுத் திட்டத்துக்கானது. தம் வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டினருள் வந்தவர்களும், ஜேஇஇ, நீட் தேர்வுகளில் முதல் 10,000 தரவரிசைக்குள் வந்து, அவ்விரு துறைகளுக்கும் செல்லாமல் அடிப்படை அறிவியலைத் தேர்ந்தெடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பி.இ., பி.டெக். மாணவர்களுக்கு இது கிடையாது. இருந்தும் பொறியியல் மாணவர்கள் பலர் விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்குகிறார்கள். மறுபுறம், ஊரில் உள்ள அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியலில் சேர்ந்த, மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். பொறியியல் மோகத்தில் நாம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. ஐந்தாண்டுகளில் 4 லட்சம் ரூபாய் பெறக்கூடிய ஒரு படிப்பைச் ‘செலவுக்குக் கட்டுப்படியாகாது’ என்று ஒதுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

ஐஐடி, என்ஐடி சேர்ந்தவர்கள்

ஐஐடியில் பி.டெக். கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 1 லட்சம் ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அது முழுமையாகத் தள்ளுபடி. பிறருள் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடியும், 5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடியும் உண்டு. என்ஐடிகளிலும் இதே விகிதம்தான். விடுதிக்கும் உணவுக்கும் இது பொருந்தாது. அந்தச் செலவுக்கு மாநில அரசின் உதவியை நாடலாம். ஐஐடி, என்ஐடி, ஐஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு வழங்குகிறது. அரசுப் பள்ளிகளில் படித்து இத்தகைய நிறுவனங்களில் சேர்பவர்களின் முழுச் செலவையும் ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

தனியார் அறக்கட்டளைகள்

ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை ஆண்டுதோறும் 5,000 முதலாமாண்டு மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதற்கு ஒரு திறனறித் தேர்வு உண்டு. கோடக் கன்யா உதவித்தொகை தொழிற்படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. தமிழ்நாட்டில் அகரம் அறக்கட்டளை அரசுப் பள்ளி மாணவர்களை வீட்டுச் சூழல் வரை விசாரித்துத் தேர்ந்தெடுத்து, படிப்பு முடியும் வரை துணைநிற்கிறது. தனியார் திட்டங்கள் பெரும்பாலும் முதலாம் ஆண்டில் மட்டுமே விண்ணப்பம் ஏற்பவை என்பதால், இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. விண்ணப்பக் கட்டணம், ‘செயலாக்கக் கட்டணம்’ என்று யாரேனும் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே விலகிவிடுவது நல்லது.

இத்திட்டங்கள் கேட்கும் ஒரு பக்கக் கடிதத்தில், குடும்பத்தின் வறுமையைப் பொதுவாக விவரிப்பதைவிட, ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம், அதில் எவ்வளவு கையில் இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று எண்களாக எழுதுவதே படிப்பவரை நம்பவைக்கும்.

குறைவதை நிரப்பக் கல்விக் கடன்

மேற்கண்ட அனைத்தும் போகப் பற்றாக்குறை இருந்தால் கடன். 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தின் கீழ், தேசியத் தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்பவர்களுக்குப் பிணையமும் உத்தரவாதமும் இன்றிக் கடன் வழங்கப்படுகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தின் முழு வட்டியையும் அரசே ஏற்கும் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது.

இந்த மானியத்தின் அளவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்காண்டுகள் கடன் பெறுவதாகவும், தனிவட்டி 10 விழுக்காடு என்றும் கொள்வோம். படிப்பு நான்காண்டு, தவணை தொடங்க மேலும் ஓராண்டு. முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக, வேலைக்குச் சேரும் முன்பே வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். மானியத்துக்குரிய வருமானச் சான்றிதழைக் கடன் பெறும்போதே வங்கியில் கொடுத்து, மானியக் கோரிக்கை பதிவானதா என்று கேட்டுவிடுவது மாணவரின் பொறுப்பு. மானியம் பெறாதவர்கள், இயலுமானால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவருவது, பின்னர் அசலோடு வட்டி சேர்வதைத் தடுக்கும்.

இரண்டாம் ஆண்டு முதல்

பெறுகிற உதவித்தொகையைத் தக்கவைப்பதிலும் கவனம் தேவை. மத்தியத் துறை உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். புதுப்பித்தல் தானாக நடப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தளத்தில் விண்ணப்பித்து, கல்லூரியில் மீண்டும் சரிபார்க்கச் செய்ய வேண்டும். தேர்வு முடிவு தாமதமாக வரும் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், மதிப்பெண் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்து கடைசி நாளைக் கடந்துவிடுகிறார்கள். இணையத்தில் வெளியான முடிவின் நகலில் கல்லூரி முதல்வரின் கையெழுத்து பெற்று அலுவலரிடம் காட்டி, ஏற்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் வரும்போது நிலைமை மாறுகிறது: அங்கே உதவித்தொகையை முடிவு செய்வது பெரும்பாலும் வருமானம் அல்ல, தேர்வு. கேட் எனப்படும் தேசிய அளவிலான முதுநிலைத் தகுதித் தேர்வின் தேர்ச்சியோடு ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய், 24 மாதங்கள் வரை. அறிவியல் பாடங்களில் சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாயும், விடுதி இல்லாத இடத்தில் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். ஆகவே எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருப்பவர், படிப்பு முடியட்டும் என்று காத்திராமல், முடிவை எதிர்நோக்குபவர் என்ற தகுதியிலேயே அத்தேர்வை எழுதிவிட வேண்டும்.